பென் டிரைவில் லினக்ஸ்: இருவகை நினைவுகளின் வரலாறு

கணினித் தமிழில் நாம் சற்று அவசரமாகப் புழக்கத்தில் விட்டுவிட்ட சொற்களுள் ‘நினைவகம்’ என்பதும் ஒன்று. கணினி இயங்கும்போது மட்டும் தகவலைத் தாங்கியிருந்து, மின்சாரம் நின்றதும் அனைத்தையும் மறந்துவிடும் ரேமையும் நினைவகம் என்கிறோம். மின்சாரம் இல்லாவிட்டாலும் எழுதியதை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் பென் டிரைவையும் நினைவகம் என்றே சொல்கிறோம். கடைவீதியிலும் இரண்டுக்கும் ‘மெமரி’ என்ற ஒரே பெயர்தான். ‘மெமரி பத்தலை’ என்று ஒருவர் சொன்னால், எந்த மெமரி என்று திருப்பிக் கேட்ட பிறகே அவருடைய சிக்கல் நமக்கு விளங்கும்.

லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவில் நிறுவிப் பயன்படுத்த முற்படுபவர், இவ்விரண்டு நினைவுகளுக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்கிறார். பழைய கணினியில் முதல் நினைவு போதாது. போதாததை ஈடுகட்ட இரண்டாவதிடம் கடன் வாங்க வேண்டும். கடன் வாங்க வாங்க இரண்டாவது தேய்ந்துகொண்டே போகும். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகும் இந்நிலை எவ்வாறு உருவாயிற்று, அம்முடிச்சை அவிழ்க்க யார் யார் என்ன செய்தார்கள், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்பவற்றை ஒரு வரலாறாகத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தொழில்நுட்பம் பயிலாத இலக்கிய வாசகர்களை மனத்தில் கொண்டே எழுதுகிறேன்.

இரண்டு மெகாபைட் வைத்திருந்தவர்

1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக இணையத்தில் அறிவித்தார். அவரிடம் இருந்தது இன்டெல் 386 செயலியும் 4 மெகாபைட் ரேமும் கொண்ட கணினி. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே பலநேரம் அந்த ரேமில் அடங்காது. அவர் எழுதிய லினக்ஸும் தொடக்கத்தில் ரேமுக்குள் அடங்கும் வேலைகளை மட்டுமே செய்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜெர்மனியில் ஒருவருக்குப் போதவில்லை. அவருடைய கணினியில் இருந்தது 2 மெகாபைட் ரேம். லினக்ஸின் மூலநிரலைத் தம் கணினியிலேயே தொகுத்துப் பார்க்க அவர் விரும்பினார். தொகுக்கும் நிரலோ தனக்கு மட்டுமே ஒரு மெகாபைட்டுக்கு மேல் கேட்டது. அவர் டோர்வால்ட்ஸுக்கு எழுதினார். 1991ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில், தமக்குத் தேவைப்படாத அந்த வசதியை டோர்வால்ட்ஸ் எழுதி முடித்தார். இதை அவரே தம் தன்வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். ரேமில் உடனடியாகத் தேவைப்படாத பகுதிகளை வன்தட்டுக்கு அனுப்பிவிட்டு, தேவைப்படும்போது மீட்டெடுத்துக்கொள்வதே அந்த ஏற்பாடு. ‘ஸ்வாப்’ என்று இன்று வழங்குவது இதுதான். சின்னஞ்சிறு வீட்டில் விருந்தினர் வரும்போது பெட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டு இடம் செய்துகொள்வதைப் போன்ற செயல் என்று கொள்ளலாம்.

லினக்ஸின் வரலாற்றை எழுதுவோர் உரிமம், சுதந்திரம், கூட்டுழைப்பு ஆகியவற்றையே பெரிதும் பேசுவர். எனக்கு இச்சிறு நிகழ்ச்சி அவற்றினும் முதன்மையானதாகப் படுகிறது. தம்மைவிடப் பாதி நினைவே வைத்திருந்த, முகம் தெரியாத ஒருவருக்காக எழுதப்பட்ட வசதி, அவ்வியங்குதளத்தின் அடிப்படை உறுப்புகளுள் ஒன்றாயிற்று. இல்லாதவரின் இல்லாமை கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. இக்கட்டுரையின் இறுதியில் நாம் எழுப்ப வேண்டிய வினாவும் அதைப் பற்றியதே.

எழுத எழுதத் தேயும் ஏடு

இரண்டாவது நினைவின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா, மின்சாரம் இல்லாமலே தகவலைத் தக்கவைத்துக்கொள்ளும் புதுவகைச் சில்லினை 1984இல் அறிவியல் அரங்கில் முன்வைத்தார். இன்று பென் டிரைவுகளில் இருக்கும் ‘நாண்ட்’ வகையை 1987இல் வெளிப்படுத்தினார். ஒரு பெரும் பகுதியை ஒரே வீச்சில் அழிக்கும் அதன் இயல்பு, புகைப்படக் கருவியின் ஒளிவெட்டை நினைவூட்டியதால் அவருடைய சக பணியாளர் ஷோஜி அரிசுமி இதற்கு ‘ஃபிளாஷ்’ என்று பெயர் சூட்டினார் என்பர்.

பெயரிலேயே இதன் பலவீனமும் அடங்கியிருக்கிறது. ஃபிளாஷில் தகவல் என்பது, நாற்புறமும் மின்கடத்தாப் படலம் சூழ்ந்த நுண்ணறைக்குள் அடைபட்ட மின்னணுக்கள்தாம். அவற்றை உள்ளே செலுத்தவும் வெளியே இழுக்கவும் அப்படலத்தின் வழியாகவே வலிந்து கடத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் படலம் சிறிது பழுதுபடுகிறது. ஆகவே எத்தனை முறை அழித்து எழுதலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஓர் அறைக்கு ஒரே பிட் வீதம் வைத்த பழைய உயர்தரச் சில்லுகளுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை. இரண்டு பிட் வைத்தவற்றுக்குச் சில ஆயிரம் முறை. மூன்று பிட் வைத்து மலிவாக்கப்பட்டவற்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை. விலை குறையக் குறைய ஆயுளும் குறைந்தது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சில கிலோபைட் அளவுள்ள பக்கங்களாக எழுத முடியும். ஆனால் அழிக்க வேண்டுமானால் நூற்றுக்கணக்கான கிலோபைட் கொண்ட ஒரு தொகுதியை முழுவதுமாகத்தான் அழிக்க முடியும். சுவடியின் ஒரு வரியைத் திருத்த, கட்டில் உள்ள ஏடுகள் அனைத்தையும் படியெடுத்து எழுதுவது போன்ற வேலை இது.

2000ஆம் ஆண்டில் இச்சில்லு யூஎஸ்பி செருகியுடன் கைக்கு வந்தது. சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் ‘தம்டிரைவ்’ என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டின் இறுதியில் இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் உருவாக்கிய சாதனத்தை ஐ.பி.எம். விற்றது. அக்காலத்துச் சாதனங்களின் கொள்ளளவு 8 மெகாபைட். அதற்குமுன் பையில் கொண்டுபோன நெகிழ்வட்டு 1.44 மெகாபைட்தான் என்பதால் அதுவே பெரிய பாய்ச்சலாகத் தோன்றிற்று. கோப்புகளைக் கொண்டுபோவதற்காகப் பிறந்த அப்பொருளின்மீது ஒரு முழு இயங்குதளத்தை ஏற்றிவைக்கலாம் என்ற எண்ணம், கொள்ளளவு கிகாபைட்டுகளை எட்டியபோது வலுப்பெற்றது.

இரண்டும் மோதுமிடம்

வன்தட்டுக்கென எழுதப்பட்ட லினக்ஸை அப்படியே பென் டிரைவில் நிறுவினால் என்ன நேரும்? இயங்குதளம் நாம் அறியாமலே ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும் ஒன்று. என்ன நடந்தது என்ற குறிப்பேட்டை எழுதும். மின்சாரம் போனால் கோப்பமைப்பு சிதையாதிருக்க, செய்யவிருக்கும் மாற்றத்தை முன்கூட்டியே ஒரு நாட்குறிப்பில் எழுதும். 2001இல் பரவலான இஎக்ஸ்டி3 கோப்பமைப்பின் சிறப்பே அந்த நாட்குறிப்புதான். ஒரு கோப்பை நாம் வெறுமனே படித்தாலும், ‘இன்ன நேரத்தில் படிக்கப்பட்டது’ என்று பழைய லினக்ஸ் எழுதிவைக்கும். படிப்பதுகூட எழுதுவதாகிவிடும் இவ்வழக்கம் 2009இல் வெளியான 2.6.30 கருநிரலில்தான் இயல்பமைப்பிலேயே தளர்த்தப்பட்டது.

இவற்றோடு ஸ்வாப்பும் சேரும்போது நிலைமை முற்றும். ரேம் போதாத கணினியில் பெட்டிகள் பரணுக்கும் தரைக்குமாக இடைவிடாது ஏறியிறங்கும். பரண் இங்கே தேய்மானமுள்ள பரண். போதாக்குறைக்கு மெதுவானது. சிறு சிறு மாற்றங்களுக்காகப் பெருந்தொகுதிகளை எழுத வேண்டியிருப்பதால், மலிவான பென் டிரைவ் திணறிப் பல நொடிகள் வாய்திறவாமல் நிற்கும். அதற்காகக் காத்திருக்கும் நிரல்கள் அனைத்தும் உறையும். சுட்டி மட்டும் அசையும், வேறெதுவும் அசையாது. பயனர் ‘ரேம் பத்தலை’ என்று எண்ணி ஸ்வாப் அளவைக் கூட்டுவார். கூட்டினால் எழுதுவது மிகும், உறைதல் நீளும், ஆயுள் குறையும். நான் முடிச்சு என்று சொன்னது இதைத்தான்.

இதற்கு முதல் மாற்றுவழி ஜெர்மனியிலிருந்தே வந்தது. கிளாஸ் நாப்பர் என்பவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நாப்பிக்ஸ், நிறுவாமலே குறுந்தகட்டிலிருந்து இயங்கும் லினக்ஸ். ஏறத்தாழ 2 கிகாபைட் அளவுள்ள மென்பொருள்களைச் சுருக்கி 700 மெகாபைட் தகட்டில் அடைத்திருந்தார்கள். தகட்டில் எழுத முடியாதாகையால் எழுதவேண்டியவை அனைத்தும் ரேமுக்குச் சென்றன. அடியில் மாறாத ஒரு படலம், மேலே மாறும் ஒரு படலம், பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். மூலத்தின்மேல் எழுதிய உரையைப் போல என்று தமிழ் மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். உரை எவ்வளவு வளர்ந்தாலும் மூலம் மாறுவதில்லை.

இவ்வமைப்பைப் பென் டிரைவுக்குக் கொண்டுவந்தபோது தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் சுமை மறுபக்கம் சாய்ந்தது. மேற்படலம் ரேமில் இருப்பதால் புதிதாக ஒரு மென்பொருளை நிறுவினாலோ பெரிய கோப்பு ஒன்றை இறக்கினாலோ ரேம் நிரம்பிவிடும். 16 கிகாபைட் பென் டிரைவில் முக்கால்வாசி காலியாக இருக்க, ‘இடமில்லை’ என்ற செய்தி திரையில் வரும்போது புதியவர் திகைத்துப்போவது இதனால்தான். மேற்படலத்தைப் பென் டிரைவிலேயே ஒரு கோப்பாக வைக்கும் முறை அதன்பின் வந்தது. ஃபேட்32 அமைப்பில் எந்தக் கோப்பும் 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதால் அதற்கும் ஒரு வேலி இருந்தது. ஆஸ்திரேலியரான பாரி கவ்லர் 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸ் நடுவழி ஒன்றைக் கண்டது. சிறிய இயங்குதளம் முழுவதையும் ரேமில் ஏற்றிக்கொண்டு, செய்த மாற்றங்களை இடைவெளிவிட்டுத் தொகுத்துப் பென் டிரைவில் ஒருமுறை எழுதுவது. கணக்கை நாளெல்லாம் மனத்தில் வைத்திருந்து இரவில் பேரேட்டில் ஏற்றும் பழைய மளிகைக் கடைக்காரரின் முறை அது. இடையில் மின்சாரம் போனால் அன்றைய கணக்கு போயிற்று என்பதும் அம்முறையோடு சேர்ந்ததே.

பெங்களூரின் முன்முயற்சி

ஃபிளாஷில் லினக்ஸ் என்றதும் மேனாட்டுப் பெயர்களையே அடுக்குவது நியாயமாகாது. 2001இல் உலகின் கவனத்தை ஈர்த்த ‘சிம்ப்யூட்டர்’ பெங்களூரில் பிறந்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் இணைந்து உருவாக்கிய, உள்ளங்கையில் அடங்கும் கணினி அது. வன்தட்டு கிடையாது. சில பத்து மெகாபைட் அளவுள்ள ரேமையும் ஃபிளாஷையும் வைத்துக்கொண்டு லினக்ஸை இயக்கினார்கள். நினைவைச் சிக்கனமாகச் செலவிடுவது அங்கே விருப்பமன்று, நிபந்தனை.

அக்கருவியின் மிகச்சிறந்த கருத்து என்று நான் கருதுவது அதிலிருந்த ஸ்மார்ட் கார்டு செருகிடம். ஒரு சிற்றூர் முழுமைக்கும் ஒரே சிம்ப்யூட்டர் இருக்கட்டும்; ஒவ்வொருவரும் தம் அட்டையைச் செருகிக்கொள்ளும்போது அது அவருடைய கணினியாகிவிடும் என்று எண்ணினார்கள். கருவி பொது, நினைவு தனி. 2004இல் ‘அமிடா’ என்ற பெயரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் துணையுடன் விற்பனைக்கு வந்த சிம்ப்யூட்டர், எதிர்பார்த்த அளவில் விற்கவில்லை. கைப்பேசிகள் மலிந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆயினும் பொதுக் கணினியில் தன் இயங்குதளத்தைப் பென் டிரைவில் செருகி வேலை செய்யும் மாணவர், அவ்வெண்ணத்தையே வேறு வடிவில் நிறைவேற்றுகிறார்.

2007இல் உற்பத்திக்கு வந்த ‘குழந்தைக்கொரு மடிக்கணினி’த் திட்டத்தின் எக்ஸ்ஓ கருவியும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. 256 மெகாபைட் ரேம், 1 கிகாபைட் ஃபிளாஷ், வன்தட்டு இல்லை. தேய்மானத்துக்கு அஞ்சி ஸ்வாப்பையே விலக்கினார்கள். ஃபிளாஷின் இயல்பறிந்து, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதாமல் எங்கும் பரவலாக எழுதும் ஜேஎஃப்எஃப்எஸ்2 கோப்பமைப்பைக் கையாண்டார்கள். அதன் முன்னோடியை எழுதியது சுவீடனின் ஆக்ஸிஸ் நிறுவனம். மகாராஷ்டிரத்தின் கைராட் என்ற சிற்றூர்ப் பள்ளியில் அவ்வாண்டே எக்ஸ்ஓ சோதித்துப் பார்க்கப்பட்டது. ரேம் நிறைந்தால் நிரல்கள் மடிந்தன. ஆனால் ஃபிளாஷ் பிழைத்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்ற நிலையில் அவர்கள் செய்த தேர்வு அது.

தமிழ் எவ்வளவு இடம் கேட்கிறது?

தமிழுக்கு நினைவகம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்ற முறையீடு ஒருகாலத்தில் அடிக்கடி எழுந்தது. ‘அமிர்தி’ என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு நான்கு எழுத்துகள். திஸ்கி முறையில் இதற்கு 6 பைட்டுகள். தமிழக அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றுக்கொண்ட 16 பிட் அனைத்து எழுத்துக் குறியாக்கத்தில் 8 பைட்டுகள். லினக்ஸ் உலகில் நிலைபெற்ற யூடிஎஃப்-8 வடிவிலான யூனிகோடில், மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்பட்டு ஏழு குறிகளாகி, குறிக்கு மூன்று வீதம் 21 பைட்டுகள்.

மும்மடங்கைத் தாண்டிய இவ்வளர்ச்சியைப் பார்த்து அன்று பலர் கவலையுற்றது இயல்பே. ஆனால் பென் டிரைவை நிரப்புவது எழுத்தன்று. ஒரு முழுக் காப்பியத்தை யூனிகோடில் எழுதினாலும் சில மெகாபைட்டுகளைத் தாண்டாது. தமிழின் ஒவ்வொரு குறியும் ஒரேவிதமாகத் தொடங்குவதால் சுருக்கும் நிரல்கள் அதனை எளிதில் ஒடுக்கிவிடுகின்றன. ரேமைத் தின்பவை உலாவியும் அதில் ஓடும் விளம்பரங்களும் காணொளிகளுமே. ஆகவே இம்முறையீட்டை நாம் கைவிடலாம். 2000ஆம் ஆண்டையொட்டித் தன்னார்வலர்கள் ஊதியமின்றிக் கேடியீ மேசைத்தளத்தைத் தமிழாக்கியது முதல், தமிழ் லினக்ஸில் இடம் பெற்றது மனிதர் தந்த நேரத்தால்தான். இடநெருக்கடி அதற்குத் தடையாக இருந்ததில்லை.

அரசும் பின்னர் இதில் கால்வைத்தது. சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டது. சென்னையிலுள்ள சி-டாக் மையம், டெபியனை அடிப்படையாகக் கொண்ட ‘பாஸ்’ லினக்ஸை 2007இல் வெளியிட்டது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரில் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே, விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் பல லட்சம் மாணவர் கைகளுக்குச் சென்றது. பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. ஆயினும் ஒரு தலைமுறைக்கு அப்பெயர் அறிமுகமாயிற்று.

அமிர்தியிலிருந்து வந்த ஒலிப்பதிவுகள்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகத் தெற்கே சென்றால் ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் அமிர்தி. ஜவ்வாது மலையின் வடக்கு வாயில் என்று சொல்லலாம். அருவியும், 1967இல் அமைக்கப்பட்ட சிறு விலங்கியல் பூங்காவும் வெளியூரார் அறிந்தவை. அதற்கப்பால் மலைமேல் பரவிக்கிடக்கும் சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். பெயர்தான் மலையாளி, பேச்சு தமிழ். சாமை விதைப்பு முதல் சாவு வரை அவர்களிடம் வழங்கும் பாடல்களும் சொற்களும் அகராதிகளில் முழுமையாக ஏறியவை அல்ல.

அவ்வூர்களுள் ஒன்றிலிருந்து வந்து எங்கள் துறையில் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர், தம் பாட்டியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்ட பாடல்களை ஆய்வேட்டுக்காகக் கைப்பேசியில் பதிவுசெய்து வந்தார். உறவினர் ஒருவரிடமிருந்து அவருக்கு வந்து சேர்ந்த பழைய மடிக்கணினியில் ரேம் 2 கிகாபைட், வன்தட்டு செத்துவிட்டது. புதிய வன்தட்டு வாங்கும் வசதி இல்லாததால் 16 கிகாபைட் பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை நிறுவி, அதையே ஒரு பருவம் முழுவதும் வன்தட்டாகப் பயன்படுத்தினார். பாடல்களும் அதில், எழுத்தாக்கமும் அதில், ஸ்வாப்பும் அதில்.

ஒருநாள் வந்து, “ஐயா, பழசெல்லாம் படிக்க விடுது, புதுசா ஒரு எழுத்துகூட எழுத விட மாட்டேங்குது” என்றார். ஃபிளாஷ் சாதனங்கள் சில, தேய்ந்துபோன தொகுதிகளுக்கு மாற்றாக வைத்திருக்கும் உபரித் தொகுதிகள் தீர்ந்ததும் எழுதுவதை நிறுத்திக்கொண்டு படிப்பதற்கு மட்டும் இடம் தரும். அது அப்படிப்பட்ட சாதனமாக இருந்தது அவருடைய நல்லூழ். முன்னறிவிப்பின்றி அடியோடு மறந்துபோகும் சாதனங்களே மிகுதி. துறைக் கணினியில் செருகி அனைத்தையும் அன்றே நகலெடுத்தோம். அதற்குள் அவருக்குப் பாடிய பெரியவர்களுள் ஒருவர் காலமாகியிருந்தார். அவர் பாடியதற்கு அந்தப் பென் டிரைவைத் தவிர வேறு படி இருக்கவில்லை; கைப்பேசியில் இடம் போதாமல் அங்கே அழித்துவிட்டிருந்தார் மாணவர்.

நினைவகச் சிக்கல் என்பது கணினி வேகம் பற்றிய முறையீடு மட்டுமன்று என்பதை இதனால் சொல்ல விழைகிறேன். வசதியுள்ளவருக்கு அது எரிச்சல். இரண்டு கிகாபைட்டும் ஒரு பென் டிரைவும் மட்டுமே உடைய ஒருவருக்கு, அது ஒரு கிழவரின் குரல் மிஞ்சுமா மிஞ்சாதா என்ற கேள்வி.

படியெடுத்தல்

ஜவ்வாது மலைக்கு நினைவைக் காக்கும் கலை புதிதன்று. மலையின் தென்சரிவை ஒட்டிய செங்கம் பகுதியில் பல்லவர் காலம் முதலான நடுகற்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. தமிழகத் தொல்லியல் துறை அவற்றை 1972இல் நூலாகத் தொகுத்தது. ஆநிரை மீட்டு வீழ்ந்தவனின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அங்கே வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. ஒருமுறை எழுதி, என்றும் படிக்கும் ஊடகம் கல்.

நம் இலக்கியம் வந்த வழியோ வேறு. பனையோலை தேயும், செல்லரிக்கும், சில நூற்றாண்டுகளில் உதிரும். இன்று நமக்குக் கிடைக்கும் சங்கநூற் சுவடிகள் எவையும் சங்ககாலத்தவை அல்ல. படியின் படியின் படிகள். ஓலையை யாரும் நம்பவில்லை. படியெடுக்கும் வழக்கத்தை நம்பினார்கள். பழஞ்சுவடியைப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. படியெடுத்தபின் விட்டால் கேடில்லை. படியெடுக்காமல் விட்டவையே நாம் இழந்த நூல்கள்.

பென் டிரைவ் ஓலையின் இனத்தது. அதைக் கல்லாக எண்ணுவதால்தான் ஏமாற்றம் வருகிறது. தமிழ் மாணவர்க்கு நான் சொல்வன எளியவை. பென் டிரைவில் லினக்ஸ் நிறுவினால் ஸ்வாப்பை அதில் வைக்க வேண்டாம். படித்த நேரத்தைக் குறிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். தற்காலிகக் கோப்புகளை ரேமுக்கு மாற்றுங்கள். இயங்குதளம் ஒரு சாதனத்திலும் உங்கள் எழுத்து வேறொரு சாதனத்திலும் இருக்கட்டும். வாரம் ஒருமுறை படியெடுங்கள்.

ரேம் போதாமைக்கும் இப்போது நல்லதொரு மருந்து உண்டு. இந்தியரான நிதின் குப்தா தொடங்கிவைத்த ‘இசட்ரேம்’ என்ற ஏற்பாடு 2014இல் வெளியான 3.14 கருநிரலில் முறையாக இடம்பெற்றது. தேவைப்படாத பெட்டியைப் பரணுக்கு அனுப்பாமல், அதே அறையிலேயே மடித்துச் சுருக்கி வைப்பது அதன் வழி. சுருக்கவும் விரிக்கவும் செயலி சற்று உழைக்க வேண்டும். ஆனால் ஃபிளாஷில் ஒரு பைட்டும் எழுதப்படுவதில்லை. 2020இல் ஃபெடோரா 33 இதையே இயல்பமைப்பாக்கிக்கொண்டது. இரண்டு நினைவுகளுக்கும் இடையிலிருந்த முடிச்சு முழுவதும் அவிழாவிட்டாலும் பெரிதும் தளர்ந்தது.

இன்று

இருபதாண்டுகளுக்குமுன் ஓரஞ்சாரமான பொழுதுபோக்காக இருந்த ஃபிளாஷ் லினக்ஸ் இன்று மையத்துக்கு வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் எல்லாம் ஃபிளாஷில் இயங்கும் லினக்ஸ் கருநிரலே. மடிக்கணினிகளிலும் சுழலும் வன்தட்டு அருகி எஸ்எஸ்டி பரவிவிட்டது. தேயும் ஏட்டில் எழுதும் கலையை உலகம் முழுவதும் கற்றுக்கொண்டாயிற்று.

ஆனால் இன்னொரு திசையில் கதவுகள் அடைபடுகின்றன. 2012இன் இறுதியில் 386 செயலிக்கான ஆதரவு லினக்ஸ் கருநிரலிலிருந்து நீக்கப்பட்டது. லினக்ஸ் பிறந்த கணினியில் இனிப் புதிய லினக்ஸ் இயங்காது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வழியைக் கைவிட்டது. பராமரிப்போரின் உழைப்பு அளவற்றதன்று என்பதால் இம்முடிவுகளுக்கு நியாயம் உண்டு. அதே ஆண்டின் இறுதியில் செய்யறிவு மையங்களின் பெருந்தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாகத் தமிழக அரசு 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது நல்ல செய்தி. ஆயினும் படிப்பை முடித்தவர்களும் மலைமேல் இருக்கும் அவர்களுடைய தம்பி தங்கையரும் பழைய கணினிகளோடுதான் இருப்பார்கள்.

1991இன் கிறிஸ்துமஸில், இரண்டு மெகாபைட் வைத்திருந்த ஒருவருக்காக நான்கு மெகாபைட் வைத்திருந்த ஒருவர் விடுமுறையைச் செலவிட்டார். அத்தகைய செயல் இன்றும் நடக்குமா என்பதே என் கேள்வி. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் பழைய கணினிகளுக்கான சிறு லினக்ஸ்களைப் பேணுவதில் கைகொடுக்கலாம். தெரியாத நம்மைப் போன்ற மொழித்துறையினர், மாணவர்கள் கொண்டுவரும் பென் டிரைவுகளைக் கேட்டு வாங்கி, அவற்றில் உள்ளதைத் துறைக் கணினியில் படியெடுத்து வைக்கலாம். எங்கள் துறையில் ஒவ்வொரு பருவத்தின் இறுதியிலும் இப்போது அதைச் செய்துவருகிறோம். அமிர்தி மாணவரின் ஒலிப்பதிவுகள் இன்று மூன்று இடங்களில் இருக்கின்றன.